திரிக்குழாயைப் பார்த்து வயது சொல்லலாம்: பழைய அமெரிக்க விளக்குகளைச் சேகரிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

நான் முதன்முதலில் வாங்கிய 'திமிங்கில எண்ணெய் விளக்கு' திமிங்கில எண்ணெயைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு பழம்பொருள் சந்தை. விடியாத நேரம், டார்ச் வெளிச்சம், பக்கத்தில் இன்னொருவர் அதே விளக்கைக் கண் வைத்து நிற்கிறார். "1820ஆம் ஆண்டுப் பொருள்" என்றார் விற்றவர். பேரம்கூடப் பேசாமல் வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து, திரியைத் தாங்கும் மேல்மூடியான பர்னரைத் திருகிக் கழற்றிப் பார்த்தால், இரண்டு திரிக்குழாய்களும் மூடித் தட்டோடு நின்றுவிட்டன. தட்டுக்குக் கீழே ஒன்றுமில்லை. அது எவ்வளவு பெரிய சாட்சி என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் புரிந்தது. அந்த பர்னர் 1830க்கு முன் பிறந்திருக்கவே முடியாது.

கண்ணாடியின் அழகு, பித்தளையின் பளபளப்பு, விற்பவரின் கதை எல்லாம் பிறகு. இந்த விளக்கு எதை எரித்தது? இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தால் வயதில் பாதி தெரிந்துவிடும். கீழே உள்ளவை எல்லாம் அந்தக் கேள்வியைக் கேட்கும் வழிகள்தான்.

எல்லைக்கோட்டை முதலில் போடுங்கள்

பழைய அமெரிக்க விளக்குகள் என்று சேகரிப்பாளர்கள் சொல்வது, ஐரோப்பியக் குடியேற்றம் தொடங்கிய 1600களிலிருந்து மண்ணெண்ணெய் வரும்வரை உள்ள காலத்தை. பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில்லில் எட்வின் டிரேக் தோண்டிய கிணற்றில் எண்ணெய் கிடைத்தது 1859 ஆகஸ்ட் மாத இறுதியில். அடுத்த சில ஆண்டுகளில் மற்ற எரிபொருள்கள் எல்லாம் அலமாரிக்குப் போய்விட்டன. மண்ணெண்ணெய் விளக்குகளைச் சேகரிப்பவர்கள் தனிக்கூட்டம். அதுவும் நல்ல பொழுதுபோக்குதான், ஆனால் இங்கே பேசப்போவதில்லை.

'அமெரிக்க' என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. அன்றைய அமெரிக்க வீடுகளில் இருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தாங்கிகளில் பெரும்பங்கு இங்கிலாந்தில் வார்த்தவை. தகரப் பொருள்களை உள்ளூரில் செய்தார்கள் என்றாலும், தகரத் தகடு கப்பலில் வந்தது. கனெக்டிகட்டின் பெர்லின் ஊரில் பாட்டிசன் குடும்பத்தார் 1740 வாக்கில் தகரப் பட்டறை போட்டார்கள் என்பது அந்நாட்டுத் தொழில் வரலாற்றில் ஒரு மைல்கல். ஆகவே 'அங்கே செய்தது' மட்டும்தான் வேண்டுமா, 'அங்கே புழங்கியது' போதுமா என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். நான் இரண்டாவது கட்சி. முதல் கட்சியில் சேர்ந்தால் பணமும் பொறுமையும் இரண்டு மடங்கு வேண்டும்.

எரிபொருள்களின் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்

முதலில் மரச்சிராய். நியூ இங்கிலாந்தில் பிசின் நிறைந்த பைன் மரத்தைச் சிறு குச்சிகளாகப் பிளந்து கொளுத்தினார்கள். வெளிச்சத்தோடு புகையும் தாரும் இலவசம். கோரைத்தண்டைத் தோலுரித்து, உள்ளிருக்கும் சோற்றைக் கொழுப்பில் தோய்த்து, இடுக்கி போன்ற தாங்கியில் சாய்த்துக் கொளுத்துவது இன்னொரு முறை. இந்தக் கோரை விளக்குத் தாங்கிகள் அமெரிக்கக் கடைகளில் நிறையவே கிடைக்கின்றன. பல பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் பிற்காலத்தில் வந்தவை. சில போன தலைமுறையில் யாரோ கொல்லர் அடித்தவை.

அடுத்து கொழுப்பும் மீன் எண்ணெயும் எரித்த இரும்புக் கிண்ண விளக்குகள். கூடவே மாட்டுக் கொழுப்பு மெழுகுவர்த்தி. கடலோரத்தில் பேபெரிச் செடியின் காய்களைக் கொதிக்கவைத்து எடுத்த வாசனை மெழுகும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் எண்ணெய்த் திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுத்த ஸ்பெர்மசெட்டி மெழுகு வந்தது. கோடையிலும் வளையாது, நாறாது, ஆனால் விலை அதிகம். அந்தத் தலைப்பொருளுக்கு எவ்வளவு போட்டி இருந்ததென்றால், 1761இல் மெழுகுவர்த்தி உற்பத்தியாளர்கள் கூட்டணி அமைத்துக் கொள்முதல் விலையைக் கட்டிப்போடப் பார்த்தார்கள். பிற்காலத்தில் ஒளியை அளக்கும் 'கேண்டில் பவர்' என்ற அலகையே இந்த மெழுகுவர்த்தியை வைத்துத்தான் வகுத்தார்கள்.

பிறகு மூடிய கிண்ணத்தில் திமிங்கில எண்ணெய். பர்மிங்காமின் ஜான் மைல்ஸ் 1787இல் காப்புரிமை பெற்ற, கவிழ்ந்தாலும் எளிதில் சிந்தாத விளக்கு இதற்கு வழிகாட்டி. 1830இல் ஐசாயா ஜென்னிங்ஸ் ஆல்கஹாலையும் சுத்திகரித்த டர்பன்டைனையும் கலந்த 'எரிதிரவத்துக்கு'க் காப்புரிமை வாங்கினார். வெண்மையான, சுத்தமான சுடர், மலிவு விலை. கூடவே வெடிக்கும் குணமும் இருந்தது. 1840களிலும் 50களிலும் பன்றிக்கொழுப்பு விளக்குகள். அதன்பின் மண்ணெண்ணெய். உள்நாட்டுப் போருக்காக 1862இல் போட்ட ஆல்கஹால் வரி எரிதிரவத்தின் கழுத்தை நெரித்தது. விளக்குகளின் வரலாற்றில் வரிக்கும் ஒரு நாற்காலி போடவேண்டும்.

ஒரு பெட்டி விளக்கைக் கையில் எடுங்கள்

'பெட்டி' என்றால் பெட்டகம் அல்ல, அதன் ஆங்கிலப் பெயரே அதுதான். உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கிண்ணம். ஒரு முனை மூக்குபோல் கூம்பியிருக்கும். பின்புறம் நிமிர்ந்த கைப்பிடி, அதில் ஒரு கொக்கி, கொக்கியின் நுனி கூர்மை. விட்டத்திலோ நாற்காலி முதுகிலோ குத்தி மாட்டலாம். ஒரு சிறு சங்கிலியில் ஊசிபோல் ஒன்று தொங்கும். நமக்கு அது பழக்கமான சாமான்தான்: தூண்டுகோல்.

இதற்கு முன்னோடி குரூசி என்ற திறந்த கிண்ணம். அதில் திரி நேராக மூக்கில் கிடக்கும், எரியாத எண்ணெய் வெளிப்புறம் வழிந்து தரையில் சொட்டும். அகல்விளக்கின் அடியில் பிசுபிசுக்கும் அதே கதைதான். அதைத் தாங்க அடியில் இன்னொரு கிண்ணம் தொங்கவிட்டது இரட்டைக் குரூசி. பெட்டி விளக்கில் கொல்லர் ஒரு சின்ன மாற்றம் செய்தார். மூக்குக்கு உள்ளே சற்றுத் தள்ளி, திரியைத் தாங்க ஒரு சாய்வான அரைக்குழாயைப் பற்றவைத்தார். வழியும் எண்ணெய் கிண்ணத்துக்கே திரும்பிவிடுகிறது. வாங்கும்போது விரலை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். அந்த அரைக்குழாய் இருந்தால் பெட்டி, இல்லாவிட்டால் குரூசி. கடைக்காரர்களில் பாதிப்பேர் இரண்டையும் ஒரே பெயரில் விற்கிறார்கள்.

அடித்த இரும்பின் பழமையை எப்படி அறிவது? கிண்ணத்தின் விளிம்பு எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் இருக்காது. சங்கிலிக் கண்ணிகள் கையால் வளைத்தவை, ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. கொக்கி சுழலும் இடத்தில் உலோகம் உலோகத்தைத் தின்று ஒரு பள்ளம் விழுந்திருக்கும். இந்தத் தேய்மானம்தான் நம்பகமான பிறப்புச் சான்று, ஏனென்றால் தேய வேண்டிய இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். நகல் செய்பவர்கள் துருவைப் பொருள் முழுவதும் பூசிவிடுவார்கள். ஆரஞ்சு நிறத்தில், விரலில் ஒட்டும் துரு இளையது. பழைய துரு கரும்பழுப்பாக, இறுகி, எண்ணெய்ப் பசையோடு இருக்கும். மூக்கருகே மோந்து பார்க்கவும் தயங்காதீர்கள். பல தலைமுறைக் கொழுப்பு கரியாகப் படிந்திருந்தால் அது எளிதில் போவதில்லை.

பெட்டி விளக்குகளில் ஒரு பெயரை மட்டும் நினைவில் வையுங்கள்: பீட்டர் டெர். பென்சில்வேனியாவின் பெர்க்ஸ் மாவட்டத்தில் வாழ்ந்த கொல்லர், 1793இல் பிறந்து 1868இல் இறந்தவர். இரும்பு, செம்பு, பித்தளை கலந்து, மூடியெல்லாம் நகைபோல் பொருத்தி, 'பி.டி.' என்று முத்திரையும் ஆண்டும் அடித்து வைத்தவர். கையொப்பமும் தேதியும் உள்ள அமெரிக்க விளக்கு அபூர்வம் என்பதால் அவருடையவை பெரும் விலை போகும். விலை போகும் இடத்தில் போலி முத்திரையும் வரும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. தொடக்கத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

மெழுகுவர்த்தித் தாங்கிகள்: குறைந்த முதலில் நல்ல பாடம்

புதியவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது 'ஹாக்ஸ்கிரேப்பர்' தாங்கியில் தொடங்கச் சொல்லித்தான். வட்டமான தகட்டு அடி, நேரான குழாய்த் தண்டு. பன்றியை வெட்டியபின் மயிரைச் சுரண்டும் கருவியின் வடிவத்தில் அடிப்பாகம் இருப்பதால் அந்தப் பெயர். தண்டின் பக்கவாட்டுப் பிளவில் ஒரு சிறு நாக்கு மேலும் கீழும் நகரும். மெழுகுவர்த்தி எரிந்து குறையக் குறைய மேலே தள்ளிக்கொள்ளலாம், கடைசித் துண்டும் வீணாகாது. உதட்டில் உள்ள கொக்கியை நாற்காலி முதுகில் மாட்டலாம். நாக்கின் மேல் தயாரிப்பாளர் பெயர் பொறித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியால் பாருங்கள். பல பர்மிங்காமில் செய்து கப்பலேறியவை. தண்டின் நடுவே பித்தளை வளையம் இருந்தால் அதைக் 'கல்யாண மோதிரம்' என்பார்கள், விலையும் கூடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய விளக்குகளுக்கு விற்பனையாளர்கள் சூட்டும் காதல் கதைகளுக்குக் கணக்கில்லை. கம்பிச் சுருள் தாங்கியைக் காட்டி, "பெண்ணைப் பார்க்க வந்த பையனுக்கு அப்பா மெழுகுவர்த்தி உயரத்தில் நேரம் குறித்துக் கொடுப்பார்" என்பார்கள். கட்டைவிரல் உயர எண்ணெய் விளக்கைக் காட்டி, "இது அணைந்ததும் அவன் கிளம்பவேண்டும்" என்பார்கள். கதை இனிக்க இனிக்க விலை ஏறும். சுருளில் ஏற்றி இறக்குவது மெழுகுவர்த்தியை வீணாக்காமலிருக்க, சின்ன விளக்கு படுக்கையறைக்குப் போக. அவ்வளவுதான். துளையிட்ட தகர லாந்தரை, பிரிட்டிஷ் படை வருவதை எச்சரிக்க இரவில் குதிரையில் விரைந்த பால் ரெவியரின் பெயரில் 'பால் ரெவியர் லாந்தர்' என்று விற்பதும் இதே வகை. 1775 ஏப்ரல் 18 இரவு பாஸ்டனின் ஓல்டு நார்த் தேவாலயக் கோபுரத்தில் ஏற்றிய அடையாள விளக்குகளில் ஒன்று என்று கான்கார்டு அருங்காட்சியகத்தில் வைத்திருப்பதற்குக் கண்ணாடிப் பலகைகள் உள்ளன. துளைகள் வழியே கசியும் வெளிச்சத்தை ஆற்றுக்கு அந்தப் பக்கம் யார் பார்த்திருக்க முடியும்?

பித்தளைத் தாங்கிக்கு ஒரு எளிய சோதனை: தண்டின்மேல் வாயால் ஊதுங்கள். மூச்சின் ஈரம் படியும் நொடியில், மேலிருந்து கீழாக எதிரெதிரே இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தால், இரண்டு பாதிகளாக வார்த்துப் பற்றவைத்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அப்படித்தான் செய்தார்கள். கோடு தெரியாததால் மட்டும் புதியது என்று தள்ளிவிடாதீர்கள், ஆனால் தெரிந்தால் சந்தோஷப்படலாம். சட்டைப் பையில் ஒரு காந்தமும் வையுங்கள். பித்தளை முலாம் பூசிய இரும்பு உடனே மாட்டிக்கொள்ளும்.

பர்னரைக் கழற்றிப் பார்ப்பது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

திமிங்கில எண்ணெய் கெட்டியானது, குளிரில் இன்னும் கெட்டிப்படும். அதை இளக்கினால்தான் திரியில் ஏறும். அதனால் திரிக்குழாய்கள் மேலே குட்டையாக, நேராக, ஒன்றுக்கொன்று இணையாக நிற்கும். மூடித் தட்டைத் தாண்டிக் கீழே எண்ணெய்க்குள்ளும் இறங்கும். சுடரின் சூடு குழாய் வழியாக இறங்கி எண்ணெயை இளக்கும். குழாயின் மேல்பகுதியில் ஒரு சிறு பிளவு இருக்கும், தூண்டுகோலை விட்டுத் திரியை உயர்த்துவதற்கு.

எரிதிரவம் நேர்மாறு. அது தானாகவே ஆவியாகும், சூடு பட்டால் ஆபத்து. எனவே குழாய்கள் மேலே நீண்டு, நுனியில் கூம்பி, இரண்டு இருந்தால் 'வி' வடிவில் விலகி நிற்கும். சுடர்கள் ஒன்றையொன்று சூடாக்கக் கூடாது. கீழே எண்ணெய்க் கிண்ணத்துக்குள் குழாய் இறங்கவே இறங்காது. தூண்டும் பிளவும் கிடையாது. சங்கிலியில் தொங்கும் சின்னத் தொப்பிகள் கட்டாயம், ஏனென்றால் ஊதி அணைப்பதும் ஆபத்து, மூடாமல் விட்டால் திரவம் காற்றோடு போய்விடும். பாஸ்டனின் ஜான் நியூவெல் 1853இல் காப்புரிமை பெற்ற விளக்கில் உள்ளே கம்பிவலை ஒன்று இருக்கும். சுடர் கிண்ணத்துக்குள் இறங்காமல் தடுக்க வைத்தது. அன்றைய பயம் எவ்வளவு என்பதற்கு அந்த வலையே அளவு.

பன்றிக்கொழுப்பு விளக்குகள் பார்த்த உடனே தெரியும். அகலமான தட்டைத் திரி, சாய்வான கிண்ணம், அழகு சுத்தமாகக் கிடையாது. ஓஹையோவின் டெலமார் கின்னியர் 1851இல் காப்புரிமை பெற்ற தகர விளக்கு இந்த ரகம். அதன் பக்கத்தில் சிறு சாவி திருகி ஏற்றி இறக்கும் தட்டைத் திரியும் சிம்னியைப் பிடிக்கும் கவ்விகளும் உள்ள பர்னரை வையுங்கள். அதுதான் மண்ணெண்ணெய், நம் ஊர்ச் சிம்னி விளக்கைப் பார்த்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இத்தனையும் சொன்னபின் ஒரு கசப்பான செய்தி. பர்னர் கழன்று மாறும் பொருள். 1860களில் சிக்கனமான குடும்பங்கள் பழைய கண்ணாடி விளக்கில் மண்ணெண்ணெய் பர்னரை மாட்டிக்கொண்டன. இன்றைய வியாபாரிகள் அதை எடுத்துவிட்டுத் திமிங்கில எண்ணெய் பர்னரை மாட்டுகிறார்கள். ஆகவே பர்னரும் கழுத்து வளையமும் பொருந்துகின்றனவா, புரி சரியாக ஏறுகிறதா, இரண்டின் அழுக்கும் ஒரே வயதா என்று பாருங்கள். வேறு வேறு விளக்குகளின் மேல்பாகத்தையும் அடிப்பாகத்தையும் இணைத்து விற்பதும் உண்டு. அமெரிக்க வியாபாரிகள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'திருமணம்'. ஜாதகம் பார்க்காமல் நடந்த திருமணம்.

ஆர்கண்ட் வகைகளை எட்டி நின்று ரசியுங்கள்

ஜெனிவாவின் எமே ஆர்கண்ட் 1780களில் குழல் வடிவத் திரியை உருவாக்கி, அதன் உள்ளும் புறமும் காற்று ஓடவிட்டார். 1784இல் பாரிஸிலிருந்த தாமஸ் ஜெஃபர்சன், ஆறு எட்டு மெழுகுவர்த்திகளுக்குச் சமமான ஒளி தருவதாக அதைப் பற்றி ஊருக்குக் கடிதம் எழுதினார். அதன் வழிவந்த ஆஸ்ட்ரல், சோலார் விளக்குகள் (இந்தச் 'சோலார்' சூரிய மின்சாரம் அல்ல, ஒரு வகை எண்ணெய் விளக்கின் பெயர்) பணக்கார வீட்டு வரவேற்பறைக்கானவை. பிலடெல்ஃபியாவின் கார்னீலியஸ் நிறுவனம் இதில் பேர்போனது. அந்தக் குடும்பத்து ராபர்ட் கார்னீலியஸ் 1839இல் கடைக்கு வெளியே தன்னைத்தானே எடுத்த படம்தான் அமெரிக்காவின் மிகப் பழைய உருவப்படங்களில் ஒன்று. இந்த விளக்குகளில் பெரும்பாலானவற்றை யாரோ ஒருவர் மின்விளக்காக மாற்றியிருப்பார். அடியில் கம்பிக்குத் துளை போட்டிருந்தால் விலையைப் பாதியாக்கிப் பேசுங்கள், அல்லது நகர்ந்துவிடுங்கள்.

கண்ணாடியைக் கேளுங்கள், தடவுங்கள்

மாசசூசெட்ஸின் சாண்ட்விச் ஊரில் டெமிங் ஜார்வ்ஸ் 1825இல் தொடங்கிய ஆலை 1888வரை ஓடியது. அச்சில் அழுத்திச் செய்த கண்ணாடியில் அதற்குப் பெரிய பெயர். அந்தப் பெயரின் பலன், நியூ இங்கிலாந்தில் கிடைக்கும் எந்த அச்சுக் கண்ணாடியும் 'சாண்ட்விச்' என்றே விலைக்கு வரும். கிழக்குக் கேம்பிரிட்ஜில் 1818இல் தொடங்கிய நியூ இங்கிலாந்து கண்ணாடி நிறுவனமும் பிட்ஸ்பர்க் ஆலைகளும் ஏறக்குறைய அதே வேலையைச் செய்தன. ஆலையின் பெயருக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

காலத்தை மட்டும் பாருங்கள். வீலிங் நகரில் வில்லியம் லெய்டன் 1864இல் மலிவான சோடா சுண்ணக் கண்ணாடிக் கலவையைச் செம்மைப்படுத்தும்வரை நல்ல அமெரிக்க விளக்குகள் பெரும்பாலும் ஈயக் கண்ணாடி. விரல் நகத்தால் மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலி நீளும், கையில் கனமாக இருக்கும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஈயக் கண்ணாடி பொதுவாக மங்கிய நீலச் சாயல் காட்டும். அதைவிட முக்கியமாக, நவீனப் பசை கொண்டு ஒட்டிய இடம் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். நூற்றைம்பது ஆண்டுகள் மேசைகளில் இழுபட்ட கண்ணாடியில் கீறல்கள் திசைக்கொன்றாக, தரை தொடும் விளிம்பில் மட்டும் இருக்கும். எல்லாம் ஒரே திசையில் ஓடினால் உப்புத்தாளின் வேலை.

எங்கே பார்ப்பது, எங்கே வாங்குவது

வாங்குவதற்கு முன் ஆறு மாதம் பாருங்கள். மாசசூசெட்ஸின் ஓல்டு ஸ்டர்பிரிட்ஜ் வில்லேஜ், டெலவேரின் விண்டர்தர், பென்சில்வேனியாவின் டாய்ல்ஸ்டவுனில் உள்ள மெர்சர் அருங்காட்சியகம், சாண்ட்விச் கண்ணாடி அருங்காட்சியகம் நான்கும் பள்ளிக்கூடங்கள். திமிங்கில எண்ணெய்க்கு நியூ பெட்ஃபோர்டிலும் நாண்டக்கெட்டிலும் உள்ள திமிங்கில வேட்டை அருங்காட்சியகங்கள். 1932 முதல் இயங்கும் 'ரஷ்லைட் கிளப்' முழுக்கப் பழைய விளக்குகளுக்கான சங்கம். அங்கே கிடைக்கும் பெரிய பயன், நல்ல பொருளைக் கையில் வாங்கித் திருகிப் பார்க்க விடுவார்கள்.

மே, ஜூலை, செப்டம்பர் மாதங்களில் மாசசூசெட்ஸின் பிரிம்ஃபீல்டு ஊரில் சாலையோர வயல்களில் நடக்கும் சந்தை பெரிது. வசதியான செருப்பு, டார்ச், காந்தம், பூதக்கண்ணாடி, ரொக்கம் இருந்தால் போதும். விற்பவரிடம் "இது பழையதா?" என்று கேட்காதீர்கள். "இதில் எதையெல்லாம் மாற்றியிருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். நேர்மையானவர் தானே பர்னரைக் கழற்றிக் காட்டுவார். ஏலத்தில் வாங்கினால் ஏல விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணமும் உண்டு. கையை உயர்த்துமுன் கூட்டிப் பாருங்கள். ஆன்லைனில் வாங்கினால் பர்னரின் அடிப்பக்கப் படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள். அஞ்சலில் வரும்போது பர்னரைக் கழற்றித் தனியே சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். இல்லையென்றால் கனமான பர்னரே கண்ணாடியின் கழுத்தை ஒடித்துவிடும்.

வாங்கிய பின்

இரும்பைத் தேய்க்காதீர்கள். புளியும் சாம்பலும் போட்டுத் துலக்கிப் பளிச்சென்று வைப்பது நமக்குக் கைவந்த பழக்கம், இங்கே அது பொருளின் வரலாற்றைக் கழுவி ஊற்றுவது. உலர்ந்த துணியால் தூசியைத் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லியதாகப் பூசினால் போதும். பியூட்டர் என்ற வெள்ளீயக் கலவையின் சாம்பல் நிறத்தையும் அப்படியே விடுங்கள். கண்ணாடிக் கிண்ணத்தில் பழைய எண்ணெய் பிசினாகப் படிந்திருந்தால், வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். ஆனால் உலோக வளையத்தைக் கண்ணாடியோடு பிடித்து வைத்திருக்கும் சுண்ணச் சாந்து ஊறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் அட்டை: வாங்கிய இடம், நாள், விலை, விற்றவர் சொன்னது, நீங்கள் கண்டது. கடைசி இரண்டையும் கலக்காமல் எழுதுங்கள். என்னுடைய முதல் அட்டையில் 'விற்றவர் சொன்னது: 1820' என்றும் அதன் கீழே வேறு மையில் 'கண்டது: எரிதிரவ பர்னர், 1830க்குப் பின்' என்றும் இருக்கிறது.

கொளுத்திப் பார்க்க ஆசை வரும். எரிதிரவ விளக்கில் எதையும் ஊற்றாதீர்கள், பழைய கண்ணாடியில் மண்ணெண்ணெயும் வேண்டாம். இரும்புப் பெட்டி விளக்கு ஒன்றுதான் அந்த ஆசைக்கு ஏற்றது, அதையும் ஓட்டை உடைசல் இல்லையென்று பார்த்து, அடியில் தட்டு வைத்து, வீட்டுக்கு வெளியே. நான் ஒருமுறை பன்றிக்கொழுப்பை உருக்கி ஊற்றி, பருத்தித் துணியைத் திரித்துப் போட்டு ஏற்றினேன். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சுடர் சுருங்கியது, ஒவ்வொரு முறையும் தூண்டுகோலால் நிமிண்டவேண்டியிருந்தது. ஒரு முழ தூரத்தில் பிடித்த செய்தித்தாளில் தலைப்பு மட்டும் தெரிந்தது. சட்டையில் ஏறிய வாடை இரண்டு சலவைக்கும் போகவில்லை.